கழுத்துக்கும் தோளுக்கும் ஊசி வைத்துக்கொள்ளுமுன்

கழுத்து வலிக்கு அக்குபஞ்சர் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் நாலைந்து இடம் போய் வந்தவர்களாகவே இருப்பார்கள். முதலில் தைலம். அது கேட்காவிட்டால் மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை. அடுத்து சுளுக்கெடுப்பவர். அதற்கும் அடுத்து எக்ஸ்ரே, ‘தேய்மானம்’ என்ற ஒரு வார்த்தை, கழுத்துக்கு ஒரு காலர். காலரை நாலு நாள் போட்டுவிட்டுப் புழுக்கம் தாங்காமல் கழற்றி வைத்த பிறகு, அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: “ஊசி வச்சுப் பாரேன், எங்க மச்சானுக்குக் கேட்டுது.”

தவளக்குப்பம் சந்திப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கிழக்கே நல்லவாட்டில் வலை இழுக்கும் தோள்கள், மீன் கூடை சுமக்கும் கழுத்துகள். மேற்கே அபிஷேகப்பாக்கம் சாலையில் குனிந்தே நாள் போக்கும் வயல் வேலை. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின். கட்டட வேலையில் சாந்துச் சட்டி தூக்கும் சித்தாள். தெற்கே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பேருந்தில் ஏறியது முதல் இறங்கும் வரை தலை கைப்பேசியில். புதுச்சேரி நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நோணாங்குப்பம் பாலமும் அரியாங்குப்பம் பாலமும் தாண்டி, கடலூர் சாலை நெரிசலில் தோளை உயர்த்திப் பிடித்தபடியே டூவீலர் ஓட்டுகிறார்கள். மனிதத் தலை நாலரை முதல் ஐந்து கிலோ எடை. அதை முன்னால் சாய்த்தே வைத்திருந்தால் பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்கப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தத் தசைகள்தான் சாயங்காலம் கல்லாக இறுகுகின்றன.

இவர்களில் பலருக்கு அக்குபஞ்சர் உதவும் என்று நம்பித்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். ஆனால் எதற்கு உதவும் என்பதில் தெளிவு வேண்டும். ஊசி உங்களுக்கு வலி குறைந்த சில வாரங்களைத் தரும். அந்த வாரங்களில் இறுகிப்போன கழுத்தையும் தோளையும் மறுபடி அசைக்கப் பழக்கினால் பலன் நிற்கும். படுத்து ஊசி வைத்துக்கொண்டு வந்து, பழையபடி குனிந்து உட்கார்ந்தால் அடுத்த மாதம் அதே படுக்கையில் அதே கட்டணம் கட்டிப் படுக்க வேண்டியிருக்கும்.

முதலில், இது எந்த வலி?

ஊசிக்குப் போகுமுன் ஒரு மருத்துவரிடம் கழுத்தைக் காட்டிவிடுங்கள். அக்குபஞ்சர் செய்கிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. தோளில் வலிப்பதெல்லாம் தோளில் கிளம்பிய வலி இல்லை.

மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ இடது தோளும் கையும் தாடையும் வலித்து, நின்றால் குறைகிறது என்றால் அது இதயம். கூடவே வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிட வேண்டும், தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பித்தப்பைக் கோளாறில் வலது தோள்பட்டை வலிக்கலாம். காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்து, தாடையை மார்பில் தொட முடியாதபடி கழுத்து விறைத்தால் மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விழுந்த பிறகு, வண்டி மோதிய பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைந்து கூடவே வருகிற வலி, ராத்திரி படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி குடைகிற வலி, புற்றுநோய்க்கு முன்பு வைத்தியம் பார்த்தவருக்குப் புதிதாக வந்த வலி எதையும் ஊசியால் அமுக்கி வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நகரத்தில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். தூரம் ஒரு காரணமே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவெட்டிக்கொள்ளும்போது கடைசியில் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது நம் ஊர்களில் சாதாரணம். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் அந்தத் திருகலில் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கழுத்து வலி இருக்கிறவர் அதைக் கட்டாயம் மறுத்துவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்ததற்காக மனம் உடைய வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, ‘எலும்பு தேஞ்சுபோச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்று கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதுதான் இறுக்கத்தைக் கூட்டும். ஊசியால் தேய்ந்த எலும்பு வளராது. ‘வளர வைக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபத்தான காரணங்களை விலக்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை தசைப் பிடிப்பு. பின்மண்டையிலிருந்து தோள் முனை வரை விரிந்திருக்கும் ட்ரப்பீசியஸ் தசையை விரலால் அழுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் முடிச்சுபோலத் தட்டுப்படும். அழுத்தினால் வலி தலைப்பக்கமோ தோள்பக்கமோ ஓடும். அக்குபஞ்சருக்கு நன்றாக இசைந்து கொடுப்பது இந்த வகைதான். இரண்டாவது, நரம்பு அழுந்துவதால் கழுத்திலிருந்து கை விரல் வரை மின்சாரம்போல இறங்கும் வலி, மரத்துப்போதல். இதற்கு ஊசி பார்க்கலாம், ஆனால் கைப்பிடியில் வலு குறைந்தால் ஊசியை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போக வேண்டும்.

மூன்றாவது, தோள் இறுகிப்போவது. ஆங்கிலத்தில் ஃப்ரோசன் ஷோல்டர் என்று மருத்துவர் எழுதித் தருவார். நாற்பது முதல் அறுபது வயதுக்குள் வரும். பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். முதலில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி. அப்புறம் கை பின்னால் போகாது, ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது, தலை வார முடியாது. கடைசியில் வலி குறைந்து மெல்ல மெல்ல இளகும். இந்த மூன்று கட்டமும் முடிய ஒன்று முதல் மூன்று வருடம் ஆகலாம். இதை இரண்டு உட்காரலில் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தோள் இறுகியவர் சர்க்கரை பார்த்து நாளாகியிருந்தால், ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை. எத்தனையோ பேருக்குச் சர்க்கரை இருப்பதே தோள் இறுகிய பிறகுதான் தெரியவருகிறது.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன

உலகம் முழுக்க நடந்த 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளுடைய விவரங்களை ஒன்று சேர்த்து ஆண்ட்ரூ விக்கர்ஸ் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்டது. முதுகு, கழுத்து, தோள், முழங்கால், நாள்பட்ட தலைவலி எல்லாம் அதில் அடக்கம். ஊசி வைத்துக்கொண்டவர்களுக்கு, வைத்துக்கொள்ளாதவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. பொய்யாக ஊசி வைக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் இருந்தது, ஆனால் அது சிறியது. ஆகவே பலனில் ஒரு பங்கு ஊசி செய்வது. மறுபங்கு படுத்து ஓய்ந்த நேரம், அக்கறையாக விசாரித்த ஒருவர், சரியாகும் என்ற எதிர்பார்ப்பு இவற்றால் வருவது. இதைப் படித்து அக்குபஞ்சரைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கிச் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்துக்கொள்வதைவிட, பாதுகாப்பாக வைக்கப்படும் ஊசி பல மடங்கு மேல்.

கழுத்துக்கென்றே இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகக் குழு நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 517 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியத்தோடு 12 தடவை அக்குபஞ்சர். இன்னொரு பிரிவுக்கு அதே வைத்தியத்தோடு அலெக்சாண்டர் முறை என்ற உடல் நிலைப் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. உட்காரும் நிற்கும் விதத்தைத் திருத்திக்கொள்வது ஊசிக்குச் சமமான பலன் தந்திருக்கிறது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். தோளுக்கு ஜெர்மனியில் 424 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு வாரத்தில் 15 தடவை ஊசி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து வலி பாதிக்குமேல் குறைந்தவர்கள், உண்மையான அக்குபஞ்சர் பிரிவில் 65 சதவீதம், வழக்கமான எலும்பு மருத்துவப் பிரிவில் 37, பொய்யூசிப் பிரிவில் 24. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல் நாள்பட்ட வலிக்கான வழிகாட்டுதலில் அக்குபஞ்சரை ஒரு சுற்று மட்டும், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள், பரிசீலிக்கலாம் என்று சொன்னது. அந்த ‘ஒரு சுற்று’ என்ற வரையறையை நாமும் பிடித்துக்கொள்ளலாம்.

ஊசி எப்படி வேலை செய்கிறது? சீன மரபு, உடலில் 14 தடங்களில் 361 புள்ளிகளைச் சொல்கிறது. அவற்றின் வழியாக உயிராற்றல் ஓடுகிறது என்பது அந்த மரபின் விளக்கம். 1970-களில் டொரண்டோவில் புரூஸ் பொமெரன்ஸ் செய்த சோதனைகளில், ஊசியால் வந்த வலிக்குறைவு நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் மறைந்தது. உடலே சுரக்கும் எண்டார்ஃபினை மறிக்கும் மருந்து அது. ஊசி வைத்த இடத்தைச் சுற்றித் தசை தளர்வதும் ரத்த ஓட்டம் கூடுவதும் வேறு. நோயாளிக்கு இதில் எந்த விளக்கம் பிடித்தாலும் சரி, ஊசி வைக்கிறவருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும்.

யாரிடம் போவது

அக்குபஞ்சர் இந்தியாவுக்கு வந்த கதையில் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 1938-இல், ஜப்பானியப் படையெடுப்பில் தவித்த சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர் கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு. அவரோடு போன துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்தார். பாசு ஊர் திரும்பினார், பிற்பாடு மறுபடி சீனா சென்று அக்குபஞ்சர் பயின்றார், 1959-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அந்த வேர் பிடித்த மேற்கு வங்கம்தான் 1996-இல் அக்குபஞ்சருக்குத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரம் 2015-இல் இயற்றியது. மத்திய அரசின் 2003 நவம்பர் 25 ஆணை, பதிவு பெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயின்றவர்களும் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை வழியாகச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதை ஒரு தனிச் சிகிச்சை முறையாகவே அங்கீகரித்தது.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் மேற்கு வங்கம்போலத் தனிச் சட்டமும் பதிவுக் கழகமும் கிடையாது. பலகை மாட்டியிருப்பவரின் தகுதியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அங்கே அக்குபஞ்சரை மருத்துவப் படிப்பு முடித்தவர்தான் செய்யலாம். ‘எங்க ஊர்ல டாக்டரே ஊசி வைக்கிறாங்க’ என்று விடுமுறைக்கு வந்த மகள் சொல்வதைக் கேட்டு, இங்கே பலகை மாட்டிய எல்லோரும் மருத்துவர் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பகுதியில் ஊசி வைக்கிறவர்கள் பல தரம். எம்.பி.பி.எஸ். முடித்து அக்குபஞ்சர் கூடுதலாகக் கற்றவர்கள் கொஞ்சம் பேர். ஐந்தரை வருட இயற்கை மருத்துவம், யோகாப் பட்டம் பெற்றவர்களுக்கு அக்குபஞ்சர் பாடத்திட்டத்திலேயே உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்கள் சிலர் தசை முடிச்சில் நேராக ஊசி செலுத்துகிறார்கள், அதை ட்ரை நீட்லிங் என்பார்கள். மற்றவர்கள் டிப்ளமோ, சான்றிதழ்ப் படிப்பு படித்தவர்கள். சான்றிதழ்க்காரர்களில் கைதேர்ந்தவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் முடித்தவர்களும் உண்டு. எத்தனை மாதம் படித்தீர்கள், எத்தனை பேருக்கு யாருடைய மேற்பார்வையில் ஊசி வைத்தீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டில் பரவியிருக்கும் இன்னொரு முறை, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுவது. ஊசியே இல்லை. அதனால் ஆறுதல் அடைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஊசி வைத்துச் செய்தவை. அவற்றின் முடிவைத் தொடு சிகிச்சைக்குக் காட்டுவது பொருந்தாது.

எந்த முறைக்காரராக இருந்தாலும் ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்: ‘இனி இங்கிலீஷ் மருந்து எதுவும் போடாதீங்க.’ சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இன்சுலின், வலிப்பு மாத்திரை இவற்றைக் கழுத்து வலிக்காக நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. இன்சுலினை நிறுத்தியவர் சில நாளிலேயே நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

ஊசி வைக்கும் நேரம்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம். பசியோடு, பயத்தோடு உட்கார்ந்து ஊசி வைத்துக்கொள்கிறவர்தான் தலை சுற்றிச் சாய்கிறவர். முதல் தடவை படுத்தே வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து முதல் தோள் வரை திறக்கும்படி தளர்வான உடை. பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம், உள்ளே கூட இருக்கச் சொல்லலாம். மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

முதல் அரை மணி நேரம் பேச்சாகத்தான் இருக்க வேண்டும். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பினால் வலி, என்ன வேலை, எத்தனை தலையணை, என்னென்ன மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், சொல்லுங்கள். சில புள்ளிகளை அப்போது தவிர்ப்பது மரபு. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. இதய வால்வு கோளாறு, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீக்கம், தோலில் புண் இவை இருந்தாலும் அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கையைப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவினாரா? ஊசி உங்கள் கண்ணெதிரே, சீலிட்ட உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கும். அக்குபஞ்சர் ஊசிக்கு உள்ளே துளை கிடையாது. மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர். மருந்து போடும் ஊசி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன். பிளாஸ்டிக் குழலுக்குள் ஊசியை வைத்துத் தோலில் நிறுத்தி, மேலே துருத்தும் நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். எறும்பு கடித்த அளவுகூட இராது. குழலை எடுத்துவிட்டு மெல்ல உள்ளே இறக்கித் திருகுவார். அப்போதுதான் ஓர் உணர்ச்சி வரும். முதல் தடவை வருகிறவருக்கு அது விளங்காது.

“சுருக்குன்னு வலிக்குதாம்மா?”

“சுருக்குன்னு இல்லீங்க. உள்ளார கனமா இருக்கு. கை வரைக்கும் இழுக்குற மாதிரி.”

அந்தக் கனம்தான் வேண்டியது. சீனத்தில் அதைத் தெச்சி என்பார்கள். மின்னல்போல வெட்டினால், எரிந்தால், உடனே சொல்ல வேண்டும். ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரம் இல்லை.

புள்ளிகள் எல்லாம் கழுத்திலேயே இராது. பின்மண்டை எலும்புக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள் ஜி.பி. 20 (எழுத்து தடத்தையும் எண் அதிலுள்ள புள்ளியையும் குறிக்கும்). கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் மேட்டுத் தசையில் ஜி.பி. 21. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் எல்.ஐ. 4. இதையும் ஜி.பி. 21-ஐயும் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். கையை முஷ்டியாக மடக்கினால் சுண்டுவிரல் பக்கம் மடிப்பு முடியும் இடத்தில் எஸ்.ஐ. 3. தூங்கி எழுந்ததும் கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொண்டவருக்குப் புறங்கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் எலும்புகளுக்கு இடையே ஓர் ஊசி வைத்து, அப்படியே கழுத்தை மெதுவாக இடம் வலமாகத் திருப்பச் சொல்வார்கள். தோள் இறுகியவருக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எஸ்.டி. 38-இல் ஊசி வைத்துக்கொண்டு தோளை அசைக்கச் சொல்வதும் உண்டு. ஊசி இருக்கும்போதே அசைக்கச் சொல்கிற வைத்தியரை எனக்குப் பிடிக்கும். நோயாளி படுத்துக் கிடப்பவர் இல்லை, பங்கேற்பவர் என்று அவர் நினைக்கிறார்.

இருபது முதல் முப்பது நிமிடம். கழுத்தில் ஊசி இருக்கும்போது இருமல் வந்தால், திரும்பிப் படுக்கத் தோன்றினால் கூப்பிட ஓர் ஆள் குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போது ஊசியை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். தலைமுடிக்குள் வைத்த ஊசி மறந்துபோவது உண்டு. எடுத்த ஊசி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் விழ வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி அது. ‘உங்க ஊசியையே உங்களுக்குன்னு டப்பால வச்சிருக்கேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசி விலை அற்பம், மஞ்சள் காமாலையின் விலை பெரிது.

நுரையீரலைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை

தோள் மேட்டில் ஊசி வைக்கும்போது, அடியில் நுரையீரல் இருக்கிறது. அதன் மேல்நுனி காறை எலும்பையும் தாண்டி மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஒல்லியானவருக்குத் தோலுக்கும் அதற்கும் இடையே அதிகத் தடிப்பு கிடையாது. ஜி.பி. 21-இல் நேர்க்கீழாக ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறை துளைபட்டுக் காற்று கசியலாம். ஜெர்மனியில் 2,29,230 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் இப்படி நேர்ந்தது இருவருக்குத்தான். ஏதாவது ஒரு சிறு தொந்தரவு, பெரும்பாலும் ரத்தக் கசிவோ கன்றிய தடமோ, 8.6 சதவீதத்தினருக்கு இருந்தது. அங்கே ஊசி வைத்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். அந்தச் சொற்ப எண்ணிக்கையை வார இறுதி வகுப்புக்காரர் தனக்குச் சான்றாகக் காட்ட முடியாது. கற்றவர் அந்தத் தசையை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, மேலோட்டமாகவே ஊசி வைப்பார். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி வைத்து வீடு திரும்பிய அன்றோ மறுநாளோ ஒரு பக்கம் நெஞ்சு குத்தினால், மூச்சு இழுத்தால் வலித்தால், நடந்தாலே மூச்சு வாங்கினால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனவுடன் முதல் வாக்கியமாக, ‘தோளில் அக்குபஞ்சர் ஊசி வைத்தேன்’ என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் கண்டுபிடிக்க நேரமாகும்.

எத்தனை தடவை, இடையில் என்ன செய்வது

வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம் ஆறு தடவை பாருங்கள். முதல் நாள் இரவு, ஊசிக்கு முன், வலிக்கு பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். எண்ணைவிட உங்களால் முடியாத ஒரு வேலையை எழுதுவது இன்னும் நல்லது: ரவிக்கை ஊக்கு, பரணில் இருந்து டப்பா எடுப்பது, வண்டியில் பின்னால் திரும்பிப் பார்ப்பது. ஆறாவது தடவைக்குப் பிறகும் அந்த வேலை அப்படியே முடியாமல் இருந்தால் ஏழாவதற்குப் போகாதீர்கள். முன்னேற்றம் இருந்தால் பத்து, பன்னிரண்டு வரை தொடரலாம். ‘இருபது உட்காரலுக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடி’ என்ற பேச்சுக்கு இசையாமல், தடவைக்குத் தடவை பணம் கொடுங்கள். முதல் ஊசிக்கு மறுநாள் வலி சற்றுக் கூடுவதும் அசதியாக இருப்பதும் சகஜம். இரண்டு நாளில் அடங்க வேண்டும்.

வலி தணிந்த அந்த நாட்களில்தான் உங்கள் பங்கு தொடங்குகிறது. சுவரில் முதுகும் பின்தலையும் ஒட்ட நின்று, தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்துத் தடவை. இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகின் நடுவில் சந்திப்பதுபோலப் பின்னால் இழுத்து விடுங்கள், அதுவும் பத்து. தோள் இறுகியவர்கள் மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டலாம். சுவரில் விரல்களை நடக்கவிட்டு, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வாரா வாரம் பார்க்கலாம். காலையும் மாலையும் செய்தால் போதும். வலி இழுக்கும் எல்லை வரை போங்கள், தாண்டிப் பிடித்து வளைக்காதீர்கள்.

தையல் வேலைக்காரர் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்ற வேண்டும், மெஷின் மேஜையைச் சற்று உயர்த்தினால் கழுத்து குனியும் அளவு குறையும். மீன் கூடை சுமப்பவர் ஒரே நடையில் சுமப்பதை இரண்டாகப் பிரிக்க முடியுமா பார்க்கலாம். முடியாதவர்களும் உண்டு. வயிற்றுப்பாடு அவர்களுக்கு அந்த வசதியைத் தரவில்லை. அவர்களுக்குச் சும்மாட்டைத் தடிப்பாக வைப்பதும், இறக்கியதும் கழுத்துப் பயிற்சி செய்வதும் ஓரளவுதான் உதவும். படுக்கையில் ஒரே தலையணை. மல்லாந்து படுப்பவருக்கு மெல்லியது, ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலத்துக்குத் தடிப்பானது. கைப்பேசியைக் கண் உயரத்துக்குத் தூக்குங்கள்.

ஆறு தடவையும் பயிற்சியும் முடிந்து ஒன்றும் நகரவில்லை என்றால், ஊசி வைத்த தேதிகள், எழுதி வைத்த மதிப்பெண்கள், பழைய எக்ஸ்ரே, போடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அக்குபஞ்சர் பார்த்ததைச் சொல்லுங்கள். கையில் மரத்துப்போதல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா, தோள் மூட்டில் ஊசி மருந்து போடலாமா என்பதை அவர் முடிவு செய்வார். ஜிப்மருக்குப் போவதானால் காலையிலேயே கிளம்பினால்தான் சீட்டுப் போட முடியும்.